பழைய மாணவர் சங்கம், ரோவில் கிளை

அவர் என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை அல்ல. "எந்தக் கொலிஜ்?" என்றுதான் கேட்டார்.

மெல்பன் புறநகர் ரோவிலில் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து மூன்றாவது நாள். இந்த வாரம் எந்த நிற மூடி போட்ட குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்று தெரியாமல் வாசலில் முழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். இடுப்பில் சாரம், மேலே பொத்தான் பளபளக்கும் கோடுபோட்ட ப்ளேசர். என் மஞ்சள் மூடித் தொட்டியை உள்ளே தள்ளிவிட்டுப் பச்சை மூடியை வெளியே இழுத்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டுதான் கேள்வி.

லால்குடிப் பக்கத்து அரசுப் பள்ளியையும் திருச்சியில் படித்த பொறியியல் கல்லூரியையும் சொன்னேன்.

"அதுக்கு மெல்பனிலை பழைய மாணவர் சங்கம் இருக்கோ?"

"இல்ல அங்கிள்."

"ஏன், நீர் தொடங்கேல்லையோ?"

பட்டமளிப்பு விழாவுக்கே போகாமல் சான்றிதழைத் தபாலில் வாங்கினவள் நான். அதையும் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். பெற்ற தாயை யாரென்று தெரியாது என்றவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "பரவாயில்லை பிள்ளை" என்றார். அன்று முதல் நான் அவருக்குப் பிள்ளை. ஆறு வருஷம் பக்கத்து வீட்டிலேயே இருந்தேன். என்ன பேச்சு தொடங்கினாலும் அது சுற்றிச் சுற்றி ஏதாவது ஒரு கொலிஜில் வந்து நிற்கும்.

அவர் படித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம்; அதுதான் அவர் சொல்லும் கொலிஜ், அந்தப் ப்ளேசரும் அதனுடையதுதான். அரசாங்கம் பள்ளிக்கூடங்களையெல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்ட காலத்தில், தரமாட்டோம் என்று தனியாக நின்ற சிலவற்றில் அதுவும் ஒன்று. அது அவர் அப்பா காலத்துக் கதை. ஆனால் வாத்திமார் அரைச் சம்பளத்தில் படிப்பித்ததையும், கூரை ஒழுகிய வகுப்பையும், தானே பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்லுவார். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கல்லூரியோடு கிரிக்கெட் மட்ச். இவர் பதினோராவது ஆள். ஒரு வருஷம் கடைசி விக்கெட்டாகப் பொழுது சாயும்வரை நின்று, மட்சைத் தோற்காமல் காப்பாற்றினாராம். எடுத்த ஓட்டம் ஒன்று. அதுவும் மட்டையில் பட்டுத் தானாகப் போனது என்று அவர் மனைவி, அன்ரி, சொல்லுவார்.

"சின்ன இடம் தோற்காமல் நிண்டால் அதுதான் வெற்றி, பிள்ளை" என்பார். அந்த மனிதரை நாலு வார்த்தையில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

வேலை, ரயில் சிக்னல் பழுதுபார்ப்பது. அன்ரி முதியோர் இல்லத்தில் தாதி. ஒரே மகன். வீட்டில் அவனுக்குத் தம்பி என்றுதான் பேர். ஆறடி மூன்று அங்குலம், அப்பாவின் தமிழுக்கெல்லாம் இங்கிலீஷில் பதில். ஊர் கிளப்பில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, ஆடினான். பெரிய கிளப் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் அவன் காலால் உதைத்த பந்து மேலே போனால் கீழே வர மனசில்லாமல் நிற்கும். அதைப் பார்த்த யாரோ ஒருவர், அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் ஆடும் ஃபுட்போலுக்கு இங்கிருந்து உதைகாரர்களைத் தயார்செய்து அனுப்பும் பயிற்சிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எனக்கு அந்த ஆட்டம் ஒரு மண்ணும் தெரியாது. அங்கிள்தான் சமையல் மேசையில் கறிவேப்பிலைக் காம்புகளை அடுக்கிச் சொல்லித்தந்தார். ஓர் அணிக்குப் பத்து கஜ தூரம் முன்னேற நாலு வாய்ப்பு. மூன்றிலும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நாலாவதில் பந்தை எதிராளிக்குத் தூரமாக உதைத்துக் கொடுத்துவிட வேண்டும். அந்த உதைக்கு மட்டும் ஓர் ஆள் வைத்திருப்பார்கள். தம்பி அந்த ஆள். பந்து எவ்வளவு நேரம் ஆகாயத்தில் நிற்கிறதோ, அவ்வளவு தூரம் நம் ஆட்கள் ஓடிப்போய் எதிராளியை மறிக்கலாம். அதனால் செக்கன் கணக்கு முக்கியம். மாலை நேரங்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலில் மகன் உதைக்க, ப்ளேசரோடு இவர் ஸ்டொப்வொட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நாலு புள்ளி ஐஞ்சு!" என்று கத்துவது என் குசினி வரைக்கும் கேட்கும். சமையலறையைக் குசினி என்பதே அவர்கள் வீட்டில் பிடித்துக்கொண்டதுதான்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் முழுப் படிப்புச் செலவோடு கூப்பிட்டன. ஒன்று மாநில அரசினுடையது. அதன் மைதானத்துப் படத்தைப் பார்த்தால் நம் பேட்டையையே தூக்கி உள்ளே வைக்கலாம். மற்றது மேற்குக் கரைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகம். நடுவில் ஒரு தேவாலயம், சுற்றி மரங்கள், பெரிய பல்கலைக்கழகங்களோடு ஒரே லீக்கில் ஆடினாலும் அதில் கடைசிக்குப் பக்கத்தில் நிற்கும் ஓர் அணி. கோச் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருந்தார்.

மகனுக்குப் பெரியது வேண்டும். அவனைப் பார்த்தாலே தெரிந்தது. அங்கிள் அந்தக் கைக்கடிதத்தை மடித்துப் ப்ளேசர் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

"அங்கை நீ ஒரு நம்பர், தம்பி. இஞ்சை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவினம். அரசாங்கம் பின்னாலை இல்லாமல் தனிய நிக்கிற இடம். நாங்கள் அப்பிடியான இடத்திலை படிச்ச ஆக்கள்."

அவன் என்னைப் பார்த்தான். அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள் என்பதால் என் பேச்சுக்கு அந்த வீட்டில் கொஞ்சம் மரியாதை. "சின்ன காலேஜ்னா நல்லா பாத்துக்குவாங்க" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன், என்ன தெரிந்து சொன்னேன்? ஒன்றும் கிடையாது. அந்த வீட்டு மட்டன் ரோல் வாயில் இருந்தது, அவ்வளவுதான். "ஓகே அப்பா, இட்ஸ் ஃபைன்" என்று எழுந்து போனான்.

முதல் இரண்டு வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கே சனிக்கிழமை ஆட்டம், இங்கே ஞாயிறு காலை. அணி முக்கால்வாசி தோற்கும். அணி திணறினால்தான் உதைகாரனுக்கு வேலை என்பதால் எங்களுக்குத் தம்பியை நிறைய நேரம் பார்க்கக் கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் தோற்ற பிள்ளைகள் வரிசையாக நின்று தங்கள் கொலிஜ் பாட்டைப் பாடுவார்கள். ரோவில் வீட்டு ஹோலில், சாரத்தோடு, இவர் எழுந்து நிமிர்ந்து நிற்பார். "எழும்பும் பிள்ளை" என்று என்னையும் எழுப்புவார். தேநீர்க் கோப்பையோடு நானும் நின்றிருக்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர்கள் இணையத்தில் சண்டை போட்டுக்கொள்ளும் பக்கம் ஒன்று இருந்தது. அங்கே இவர் 'ரோவில் அப்பா' என்ற பெயரில் நுழைந்தார். முகம் தெரியாத அமெரிக்கக் கிழவர்கள் இவரிடம் தம்பியின் அடிபட்ட முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்பார்கள். இவர் அவர்களுக்குச் சிக்கன் குழம்பு வைக்கும் முறை எழுதுவார்.

அப்புறம் லீக் உடைந்தது. டிவிக்காரர்களின் காசு எங்கே அதிகமோ அங்கே பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆடுகிற பையன்களுக்கும் இனிப் பல்கலைக்கழகமே சம்பளம் தரலாம் என்றாகிவிட்டது. பேர்பெற்ற, சொத்துள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் தாக்குப்பிடிக்கும். தேவாலயமும் நாலு மரமும் வைத்திருப்பது என்ன செய்யும்? பெரிய ஆட்டத்திலிருந்து விலகிச் சின்னத் தட்டில், உதவித்தொகை இல்லாமல் ஆடலாமா என்று நிர்வாக சபை யோசிக்கத் தொடங்கியது.

அங்கிள் ஃப்ரிட்ஜில் லீக்கின் பட்டியலை ஒட்டிவைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் போகப் போக ஒவ்வொரு கோடு, பென்சிலால்.

"பேனாவால அடிச்சுருங்களேன்" என்றேன்.

"திரும்பி வந்தாலும் வருவினம், பிள்ளை."

அவர் தூக்கம் கெட்டது அந்த நாட்களில்தான். முகம் வற்றிப்போனது. பார்க்கிற எல்லோரிடமும் தனியார் பல்கலைக்கழகங்களின் எதிர்காலம் பற்றிப் பேசினார். மருந்துக்கடைப் பெண்ணிடம்கூட. அன்ரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அங்கை கட்டிடம் இடிஞ்சாலும் என்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லை. இந்த மனுசன்தான் இடிஞ்சு போகும்" என்றார்.

இந்த நிலையில் வேறு ஆளாயிருந்தால் என்ன செய்திருப்பான்? மகனை வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பான். இவர், தான் கண்ணால்கூடப் பார்க்காத அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மெல்பனில் பழைய மாணவர் சங்கம் தொடங்கினார்.

நான் சிரித்தேன். ஒரே ஒரு மாணவன், அவனும் இன்னும் பழைய மாணவன் ஆகவில்லை. அவர் சிரிக்கவில்லை. கொலிஜ் தடுமாறினால் வெளிநாட்டுக் கிளைகள் எழும்பும், அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அவர் தலைவர், அன்ரி பொருளாளர், நான் செயலாளர். பக்கத்து ஊர் டண்டினோங்கில் பேனர் அடித்தோம். கராஜைக் கழுவிக் கதிரை போட்டு இராப்போசன விருந்து வைத்தோம். அவருடைய சொந்தப் பள்ளிக்கூடத்துச் சங்கத்து ஆட்களையே திரட்டிக் கொண்டுவந்தார். யார் என்னவென்று தெரியாமலே வந்தவர்கள் ரோல்ஸைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தலைவர் உரையில் அவர் குரல் உடைந்தது. "நாங்கள் ஒரு நாள் தனிய நிண்டனாங்கள். எங்களுக்கு ஆர் எண்டு தெரியாத ஆக்கள் எல்லாம் உதவினவை" என்றார். அந்தப் பெரியவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் காகிதத்தில் எழுதிக் கொடுத்த அந்தக் கொலிஜ் பாட்டை எல்லோரும் நின்று தப்பும் தவறுமாகப் பாடினார்கள். அந்தப் படம் அமெரிக்கக் கிழவர்களை அழவைத்துவிட்டது. பல்கலைக்கழகத் தலைவர் நன்றிக் கடிதமே அனுப்பினார்.

அடுத்த வாரம் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது தம்பி அமெரிக்காவிலிருந்து ஃபோனில் கூப்பிட்டான்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிற ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அவன் கொடுக்கப் போகிறான். முன்பு கூப்பிட்ட அதே பெரிய அரசுப் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதாம். "அக்கா, எனக்கு ஒரு வருஷம்தான் மிச்சம். இங்க இருந்தா ஸ்கொலர்ஷிப்பும் போயிடும். ப்ளீஸ், நீங்க அப்பாக்கு சொல்லுங்க. ஐ கான்ட்" என்றான். அழுதுகொண்டிருந்தான். அவன் முழு வாக்கியம் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன்.

சொல்கிறேன் என்றேன். அன்று மாலை போனேன். அவர் சங்கத்துக்கு லெட்டர்ஹெட் வந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். சொல்லவில்லை. மறுநாளும் போனேன், சொல்லவில்லை. எனக்கு வாயில் கொழுக்கட்டையா? இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் மடிக்கணினியோடு வரச்சொன்னார். நிர்வாக சபை கூடப் போகிறது, அதற்குக் கடிதம். அவர் கராஜில் நடந்துகொண்டே தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் அடித்தேன். விலக வேண்டாம், எங்களைப்போல் சின்ன இடங்கள் உங்களைப் பார்த்துத்தான் நிற்கின்றன என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரிக்கு நின்றார்.

"போடும் பிள்ளை. என்ரை மகன் கடைசி நாள் மட்டும் உங்களுக்குத்தான் உதைப்பான். ஒரு தகப்பனா நான் வாக்குத் தாறன்."

என் விரல் நின்றது. "இந்த வரி வேணுமா அங்கிள்?"

"அதுதான் கடிதமே."

அடித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு அடித்தேன்.

கடிதம் சபையில் வாய்விட்டு வாசிக்கப்பட்டது. முடிவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அங்கிள் தெருவுக்கே ரோல்ஸ் கொடுத்தார். மூன்றாம் நாள் தம்பியின் பெயர் பட்டியலில் வந்தது. அதை இவருக்குச் சொன்னது மகன் அல்ல, நான் அல்ல. அந்த இணையப் பக்கம். 'ரோவில் அப்பாவின் பையனே ஓடிவிட்டான், இனி நமக்கு யார்?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே முகம் தெரியாத கிழவர்கள் இவருக்கு ஆறுதல் எழுதியிருந்தார்கள். ஆறுதல்தான் அவரைக் கொன்றது என்று நினைக்கிறேன்.

என் வாசலுக்கு வந்தார். ப்ளேசர் இல்லை. அது இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"உமக்குத் தெரியுமோ பிள்ளை?"

"தெரியும் அங்கிள்."

"கடிதம் அடிக்கேக்கை?"

"ஆமா."

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தன் வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். "அப்ப அது பொய்க் கடிதம். இன்னொண்டு அடிக்கோணும். கெதியாய் வாரும்."

அந்த இரண்டாவது கடிதம் இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம். முதல் கடிதத்தில் சொன்னது பொய்யாகிவிட்டது. வாக்குத் தவறியது எங்கள் வீடு. அதற்காகக் கொலிஜைத் தண்டிக்க வேண்டாம். வேறு நல்ல உதைகாரனை இங்கிருந்து நானே தேடி அனுப்புகிறேன். இதுதான் அவர் சொல்லி நான் அடித்தது. பதில் வரவில்லை. அடுத்த வாரம், பெரிய ஆட்டத்திலிருந்து விலகுவதாகச் சபை அறிவித்தது. ஒரு உதைகாரன் போனதற்காகவா ஒரு பல்கலைக்கழகம் விலகும்? கோடிக்கணக்கில் காசு விஷயம். நானும் அன்ரியும் எவ்வளவோ சொன்னோம். அவர் காதில் ஏறவில்லை. தன் வீட்டு விக்கெட் விழுந்துதான் மட்ச் தோற்றது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மகனிடம் பேசுவதை நிறுத்தினார். மகன் கூப்பிட்டால் ஃபோனை அன்ரியிடம் நீட்டிவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவார்.

பிறகு எனக்குச் சிட்னியில் வேலை மாறி நார்த்மீடுக்கு வந்துவிட்டேன். வந்தேன் என்று எழுதுகிறேன், தப்பி ஓடினேன் என்பதும் பொருந்தும்.

அதற்கு அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிறு காலை ரோவிலில் அந்த வீட்டுக்குப் போனேன். ஹோலில் பெரிய டிவி. அன்ரி தனியாக உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தப் பிரம்மாண்டமான மைதானம், கண்ணுக்கெட்டியவரை மனிதத் தலைகள், இரைச்சல், அதன் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தம்பி. அவன் அங்கே ஆடும் ஒரே வருஷம் அது.

"அவர் கராஜிலை" என்றார்.

அங்கே பேனர் இன்னும் தொங்கியது. மடிக்கணினியில் வேறோர் ஆட்டம். ஏதோ மாணவர்களே படம்பிடிப்பது, ஒரே கமெரா, அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. பலகைப் படிக்கட்டில் அங்கங்கே ஆட்கள். சின்னத் தட்டில் ஆடும் அந்தச் சின்னக் கொலிஜ். மேசையில் அவருடைய பழைய பென்சில், நோட்டுப் புத்தகம். ப்ளேசர் போட்டிருந்தார், தோளில் தொளதொளவென்று நின்றது.

"வாரும் பிள்ளை, இரும்" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அங்கிள், உள்ள தம்பி ஆடுறான். போய்ப் பாருங்க."

"அவனுக்கு அங்கை ஒரு ஊரே இருக்கு. இவையளைப் பாக்க ஆர் இருக்கினம்?"

திரையில் ஒரு புதுப் பையன் உதைத்தான். பந்து பக்கவாட்டில் போய் வேலிக்கு வெளியே விழுந்தது. அங்கிள் கண்ணை மூடித் திறந்தார். "பழகிடுவான்" என்றார்.

"ஒரு ஃபோன் பண்ணுங்க அங்கிள். ஒரே ஒரு தடவை. என் தப்புக்கு அவனை ஏன்..."

"என்னெண்டு கதைக்கிறது பிள்ளை? அவன் கேட்டது பெரிய கொலிஜ். நான் எடுத்துக் குடுத்தது சின்னது. அவனிட்டை மூண்டு வருசத்தை எடுத்துப்போட்டு, என்ன வாயாலை கதைக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் மேல் கோபம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவனும் அங்கே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உள்ளேயிருந்து அன்ரி கத்தினார். "இஞ்சருங்கோ, தம்பி உதைக்கப் போறான்!"

அவர் எழவில்லை. மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய இரைச்சல் எழுந்து, சட்டென்று அடங்கி, மறுபடி எழுந்தது. கராஜுக்கும் ஹோலுக்கும் நடுவில் இருந்த கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே பென்சிலை எடுத்தார்.

"எத்தினை செக்கன்?"

"நாலு புள்ளி ஒன்பது" என்றார் அன்ரி. ஸ்டொப்வொட்ச் அவரிடம் இருந்திருக்கிறது.

நோட்டில் எழுதினார். அந்தப் பக்கம் முழுக்க அப்படி எண்கள்தான். எழுதி முடித்துவிட்டு, இன்னமும் மடிக்கணினியைப் பார்த்தபடி, கதவுப் பக்கமாகக் கேட்டார்.

"முழங்கால்?"